பூச்சிக்குக் காவல்

அக்கராயன்
17-1-65

அன்புள்ள தங்கச்சி ஜொஹறாவுக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். புருஷனை இழந்து, நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்கிற பெண்ணிடம், அதுவும் நோன்பு மாதத்தில், என்ன சுகத்தை விசாரிப்பது என்று தெரியாமல் பேனையைப் பிடித்தபடி கன நேரம் இருந்துவிட்டேன். கார்த்திகையில் உம்முடைய வீட்டு உள்ளறையில் உம்மோடு இருந்து அழுதபோது மரக்கதை கதைக்க வாய் வரவில்லை. இப்போது கதைக்காமல் இருக்கவும் ஏலாது.

உம்முடைய புருஷன் ஸுஹைர் நானா மூன்று வருசக் காசையும் முன்னுக்கே தந்து குத்தகைக்கு எடுத்த எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரங்கள் இந்தத் தையில் பூத்திருக்கிற பூவை நீர் பார்க்க வேண்டும். இலையே தெரியவில்லை. குத்தகையின் முதல் வருசமான போன வருசக் காய்ப்பு இதற்குக் கிட்டவும் வராது. ஆனால் பொங்கலுக்கு முதல்நாள் மரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது முகத்தில் பிசுபிசு என்று ஏதோ விழுந்தது. ஒரு பூக்கொத்தைப் பிடித்து உலுப்பினேன். கடுகளவு பூச்சிகள் கும்பலாகத் தத்திப் பறந்தன. இவை பூவின் சாற்றைக் குடித்துவிடும். பிறகு பூ கருகும், இலை கரிச்சட்டி மாதிரிக் கறுக்கும். நாலு வருசத்துக்கு முதல் ஒருதரம் வந்தது. அந்த வருசம் ஊறுகாய் போடக்கூடக் காய் இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. பழமரப் பூச்சிகளை ஒழிக்க அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கிறதாம். மருந்தில் பாதிச் செலவு அவர்களுடையது. உயர்ந்த மரத்துக்கு அடிக்கிற மெசினும் ஆட்களும் சும்மா வரும். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்து விவசாயப் போதனாசிரியர் கனகலிங்கம் சொன்னார். காணிக்காரர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்து விவசாயக் கந்தோரில் கொடுத்தால் போதும்.

அங்கேதான் சிக்கல். காணிக்காரர் எங்கள் இவர்தான், வைக்கமாட்டாராம். “காய்க்குக் காசு வாங்கியாச்சு. இனி மரத்திலை நிக்கிறது அவையின்ரை. அவையின்ரை காய்க்கு நான் ஏன் கந்தோருக்கு அலையிறது?” என்கிறார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்கிறார். நீர் இரண்டு வரி எழுதினால் அதைக் காட்டி இவரை இளக்கலாம் என்று நினைக்கிறேன். கெதியாய் எழுதும். பூ நிற்கிற நாள் கொஞ்சம்தான்.

அன்புடன்,
கமலாசனி


செட்டிகுளம்
23-1-65

அன்புள்ள கமலாசனி அக்காவுக்கு,

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. கடைக்கு உள்பக்கமிருந்து கணக்குப் பார்த்துப் பழகினவள்.

வீரகத்தி அண்ணருக்கு இதைச் சொல்லுங்கள். பூக்காத மரத்துக்கு மூன்று வருசக் காசை ஒன்றாகத் தந்தது அவருக்குத் தேவை இருந்தபடியால்தான். வீட்டுக்கு ஓடு போட வேண்டும் என்று எங்கள் கடை வாங்குப் பலகையில் வந்திருந்து அவர் சொன்னதை நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ நானா, மரத்தை நான் பாத்துக்கொள்ளுறன்” என்று அன்றைக்குச் சொன்னார். அதைக் கேட்ட ஆளைக் கடவுள் எடுத்துவிட்டால், பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லும் போய்விடுமோ?

என் நிலைமையை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். என் மாப்பிள்ளையின் தமையன் மீராசாகிபு மச்சான்தான் இப்போது எங்கள் கடையைத் திறந்து மூடுகிறார். இத்தா முடிந்ததும் கடையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, என்னையும் மகள் ஹாலிதாவையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிற யோசனை அவருக்கு. “பொம்புளை கடை நடத்திறதெண்டால் கையிலை சரக்கு வேணுமே” என்று உள்ளறைக்குக் கேட்கக்கூடியதாகச் சொல்கிறார். இந்த மாம்பழம்தான் என் சரக்கு. யூனில் கொழும்புக்கு ரயிலில் ஏற்றினேன் என்றால் கடை என் கையில் நிற்கும். ஏற்றாவிட்டால் மிச்சக் காலம் முழுக்க மச்சான் வீட்டுக் குசினியில் அடுப்பு ஊதுவதுதான். வேறு வழி எனக்கு இல்லை.

நம்முடைய பாதிச் செலவை நான் தருகிறேன். அண்ணர் கையெழுத்தை மட்டும் வைக்கட்டும். மெசின் வரும்வரை சும்மா இராமல் புகை போட்டு, சவர்க்காரத் தண்ணீர் அடியுங்கள். இவர் இருக்கும்போது அப்படித்தான் செய்வார்.

ஜொஹறா


அக்கராயன்
30-1-65

அன்புள்ள ஜொஹறா,

என் மூளையை என்ன சொல்ல? இரண்டு வரியைக் காட்டுகிறதுக்குப் பதிலாக முழுக் கடிதத்தையும் இவரிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டுக் கதையை வாசித்ததும் முகம் கறுத்துவிட்டது. “திரைக்குப் பின்னாலை நிண்டு ஒட்டுக் கேட்டவவோ?” என்றார். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. தமையன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் ஏப்பம் விடுகிறார், நான் கேட்க வேண்டும் என்று.

ஆனால் தங்கச்சி, கோபத்துக்குக் கீழே பயம் ஒன்றும் இருக்கிறது. அது வீண் பயமும் இல்லை. எங்களுடையது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பெமிற் காணி. அதில் உள்ளதை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. எல்லாரும் விடுகிறார்கள், ஒருவரும் எழுதி வைப்பதில்லை. இந்த விண்ணப்பத்தில் பலன் யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. குத்தகைக்காரருக்கு என்று எழுதினால் காணிக்கே மோசம் வரும். இவர் தனக்கு என்று எழுதினால், ஸுஹைர் நானா எடுத்த மரம் என்று ஊருக்கே தெரியும், யாராவது கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப்போடுவான்.

இதற்குக் கனகலிங்கம் ஒரு வழி சொன்னார். இந்த மரங்களில் உமக்கு ஒரு உரித்தும் இல்லை என்று நீர் ஒரு கடுதாசி எழுதித் தந்தால், அதை விண்ணப்பத்தோடு சேர்த்துவிடலாமாம். “வெறும் கடுதாசிதான் அக்கா, மருந்து எடுக்கிறதுக்கு மட்டும்” என்றார். அது வந்தால் இவரும் கையெழுத்து வைப்பாராம். இதை உமக்கு எழுத என் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் பூவும் போகிறது.

இன்னொன்று. நீர் சொன்னபடி புகை போட்டு, கிணற்றடி மரம் நாலுக்கும் சவர்க்காரத் தண்ணீர் அடித்து முடித்தேன். நல்லாகத்தான் இருந்தது. கனகலிங்கம் கண்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். மேலதிகாரி வந்து பூச்சியைக் கண்ணால் கண்டால்தான் மருந்துக்கு எழுதுவாராம். “பூச்சியைக் கலைச்சுப்போட்டு மருந்து கேட்டால் நான் என்னெண்டு குடுக்கிறது?” என்று கேட்டார். ஆகவே மிச்ச மரங்களில் கை வைக்காமல் விட்டிருக்கிறேன்.

கமலாசனி


செட்டிகுளம்
6-2-65

கமலாசனி அக்காவுக்கு,

பெருநாள் வந்து போனது. நான் புதுசு உடுக்கவுமில்லை, சமைக்கவுமில்லை. உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கடைக்குள் எலி வந்தால், ஆள் வந்து எலியைப் பார்க்கும்வரை அரிசிச் சாக்கைத் திறந்து வைக்கிறதா? எந்தக் கந்தோர்ப் புத்தி இது? நீங்களும் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறீர்களே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் மட்டும் வெளியே வரக்கூடியவளாக இருந்தால் அந்த மரங்களுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்திருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அடுத்தது உரித்து. என் மாப்பிள்ளை மூன்று வருசக் காசைத் தந்த மரத்தில் எனக்கு உரித்தில்லை என்று நானே எழுத வேண்டும். எழுதினால் மருந்து வரும், எழுதாவிட்டால் காய் வராது. நல்ல நீதி. மச்சானிடம் கேட்டால் இந்தச் சென்மத்தில் விடமாட்டார், ஆகவே கேட்கவில்லை. மூன்று நாள் எழுதிக் கிழித்து, நாலாம் நாள் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது.

இதை எழுதச் சொன்னது நீங்கள். நாளைக்கு ஒரு பிழை வந்தால் நான் வேறு ஆளைப் பிடிக்க மாட்டேன், உங்களைத்தான் பிடிப்பேன்.

ஜொஹறா


அக்கராயன்
7-3-65

அன்புள்ள ஜொஹறா,

இந்தக் கடிதத்தைப் பிந்தி எழுதியதற்குக் காரணம், நல்லதாக ஒரு வரியாவது எழுதக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

உம்முடைய கடுதாசி வந்த அன்றே இவர் கையெழுத்து வைத்தார். பிறகு நான் பூச்சிக்குக் காவல் இருந்தேன். சிரியாதேயும். பக்கத்துக் காணிக்காரர் குப்பை எரிக்க, புகை எங்கள் பக்கம் வருகிறது என்று ஓடிப்போய் மறித்தேன். “பூச்சி போயிடும், கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். அந்த மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காலையில் எழும்பி முகம் கழுவ முதல் போய்க் கொத்தை உலுப்பிப் பார்ப்பேன். பூச்சி இருந்தால் மனம் ஆறும். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று இவர் சொன்னார். அதில் பிழையில்லை.

மாசி நடுவில் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கொத்தை உலுப்பினார், சட்டையெல்லாம் பூச்சி. “நல்லாப் பிடிச்சிருக்கு” என்று சந்தோசமாக எழுதிக்கொண்டு போனார். பரீட்சையில் பாஸ் பண்ணினது போல நானும் சந்தோசப்பட்டேன். அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. கிளிநொச்சிக்கு இரண்டுதரம் பஸ்ஸில் போய்க் கேட்டேன். விண்ணப்பம் சரியாம், மரம் சரியாம், பூச்சியும் சரியாம், காசு மட்டும் இன்னும் வந்து சேரவில்லையாம். மெசின் வேறு பகுதியில் நிற்கிறதாம்.

பூ முழுக்கக் கருகிக் கொட்டிவிட்டது. கூட்டி அள்ளினால் பெட்டி பெட்டியாக வருகிறது. பிஞ்சு பிடித்திருப்பது கந்தோர் சொல்ல முதல் நான் கழுவின கிணற்றடி மரம் நாலும் மட்டும்தான். மிச்சத்தையும் கழுவியிருப்பேன். கழுவியிருக்கலாம். 

கமலாசனி


செட்டிகுளம்
4-4-65

கமலாசனி அக்காவுக்கு,

இத்தா முடிந்தது. முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். மச்சான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் நின்றபடியே கணக்குக் கேட்டேன்.

உங்களைப் பேசுகிறதுக்கு எழுதவில்லை. பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. நாலு மரம் இருக்கிறது என்று எழுதினீர்கள். கிணற்றடி மரங்கள் நல்ல காய்ப்பு என்று என் மாப்பிள்ளை சொல்லி எனக்குத் தெரியும். நாலு மரத்துப் பழம் ஒரு வண்டி நிறைக்கக் காணும். ஒரு வண்டி கொழும்புக்குப் போனால், அங்கே உள்ள பழைய கடைக்காரர், ஸுஹைரின் பெண்சாதியும் வியாபாரம் செய்யக்கூடிய ஆள்தான் என்று அறிவார்கள். அடுத்த வருசத்துக்கு அவர்களே முற்பணம் தருவார்கள். மச்சானிடம் யூன் வரை தவணை கேட்டிருக்கிறேன். “ம்” என்றார். அது போதும்.

அந்த நாலையும் கண்ணுக்குள் வைத்திருங்கள். அணிலுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். காய் முற்ற ஒரு கடுதாசி போடுங்கள், ஆட்களோடு வந்து நானே பிடுங்குவேன்.

ஜொஹறா


அக்கராயன்
16-6-65

ஜொஹறா,

என்னைத் திட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு மரமும் போய்விட்டது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. முல்லைத்தீவுக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்து பார்த்தால், மரத்தில் இலை மட்டும் நிற்கிறது. சங்கத்து லொறியைக் கூப்பிட்டு இவர் எல்லாவற்றையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். உமக்குக் கடுதாசி போட நான் முத்திரை வாங்கி வைத்திருந்தேன்.

கத்தினேன். இவர் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அவ தன்ரை கையாலை எழுதித் தந்திட்டா, உரித்தில்லையெண்டு. கந்தோரிலை கிடக்கு. இப்ப அவவுக்குக் குடுத்தால் நான்தான் பொய்யெழுதினவன் எண்டு காணியைப் பறிப்பாங்கள்” என்றார். மருந்துக்காக எழுதின கடுதாசி அது, மருந்து வரவில்லையே என்று கேட்டேன். “மருந்து வராட்டிலும் கடுதாசி கடுதாசிதான்” என்கிறார். பயத்தில் பாதி, ஆசையில் பாதி. எது எவ்வளவு என்று கூட இருக்கிற எனக்கே தெரியவில்லை.

உம்முடைய முகத்தில் முழிக்க எனக்கு வழியில்லை.

கமலாசனி


செட்டிகுளம்
25-6-65

கமலாசனி அக்காவுக்கு,

இதை மீராசாகிபு மச்சான் வீட்டுக் குசினியிலிருந்து எழுதுகிறேன். கடைப் பலகையில் பெயர் மாறிவிட்டது. ஹாலிதாவைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டும் கதையும் தொடங்கியிருக்கிறது.

கடுதாசி எழுதின விசயம் மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வருசக் காயும் எனக்கில்லையாம், ஏனென்றால் அந்தக் கடுதாசியில் வருசம் போடவில்லை. உங்கள் கந்தோர் மருந்து ஒரு சொட்டுத் தரவில்லை. என் கையெழுத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது.

உங்களைப் பிடிப்பேன் என்று எழுதினேன். பிடிக்க இப்போது தெம்பு இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜொஹறா


அக்கராயன்
29-9-65

ஜொஹறா,

எழுத வேண்டாம் என்றீர், எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் விட்டால் நான் மனிசியில்லை.

நேற்றுக் காலை வாசலில் லொறி வந்து நின்றது. மெசின், பீப்பாய் பீப்பாயாக டீ.டீ.ரீ. பூச்சிமருந்து, ஏணி, ஆட்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் கனகலிங்கம்.

“தம்பி, மரத்திலை பூவுமில்லை, பிஞ்சுமில்லை, பூச்சியுமில்லை. என்னத்துக்கு அடிக்கப் போறியள்?” என்று கேட்டேன்.

“காசு இப்பதான் அக்கா வந்தது. கணக்கு வருசம் முப்பதாம் திகதியோடை முடியுது. அதுக்குள்ளை செலவழிக்காட்டில் திரும்பிப் போயிடும். திரும்பிப் போனால், உங்களுக்குத் தேவையில்லையாக்கும் எண்டு வாற வருசம் தரமாட்டினம். நானும் எழுதி எழுதிக் களைச்சுப் போனன்.” அந்தப் பெடியன் பொய் சொல்லவில்லை. கண் உள்ளுக்குப் போய், தாடி வளர்ந்து, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்குப் பாவப்பட நேரமில்லை.

அடித்தார்கள். பின்னேரம் வரை வெறும் இலைக்கு அடித்தார்கள். கோழிகளைப் பிடித்துக் குசினிக்குள் அடைத்தேன். என் மிளகாய்ப் பாத்தியும் நனைந்தது. எல்லாம் முடிந்த பிறகு, மருந்து அடித்தாயிற்று என்று காணிக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார் கனகலிங்கம். இவர் சாவகச்சேரிக்குச் செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அப்படியென்றால் வீட்டுக்காரி வைக்கலாம் என்று பேனையை நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “செட்டிகுளத்து ஜொஹறா எழுதின கடுதாசி உங்களிட்டைக் கிடக்கு. அதைக் கொண்டு வாங்கோ, வைக்கிறன்.”

“அது பைலிலை போட்டது அக்கா, எடுக்கேலாது.”

“அப்ப மருந்து அடிக்கேல்லை. நான் கண்டனான் எண்டு என்னெண்டு எழுதுறது?”

ஒரு மரத்துக்கும் மருந்து அடிக்காத வருசம் என்று மேலே எழுத அவருக்கு ஏலாது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பேனையைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளிநொச்சிக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வந்தார். கடுதாசியை வாங்கி உம்முடைய கையெழுத்துத்தானா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். விளக்கு வெளிச்சம் மங்கல். பேரைச் சரியாக எழுதினேனோ தெரியாது.

கடுதாசி இதற்குள் இருக்கிறது.

இவர் இன்று மத்தியானம் வந்தார். ஒளிக்காமல் சொன்னேன். “மூண்டாம் வருசக் காய் அவையின்ரை. ஒரு காயிலை கை வைச்சியள் எண்டால், குத்தகைக்கு விட்ட கதையைக் காணிக் கந்தோரிலை நானே போய்ச் சொல்லுவன்” என்றேன். “காணி போனால் நீயும்தான் றோட்டிலை நிப்பாய்” என்றார். “ஓம், நிப்பன்” என்றேன். இப்போது பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் வீட்டில்தான்.

நாலு மரத்துக் காசு திரும்பி வரும் என்று நான் எழுத மாட்டேன். அது தோட்டத்துக்கு முள்ளுக்கம்பி வேலியாகிவிட்டது.

கமலாசனி


செட்டிகுளம்
11-10-65

கமலாசனி அக்காவுக்கு,

கடுதாசி வந்தது. மச்சான் வீட்டு அடுப்பிலேயே வைத்தேன். நன்றாக எரிந்தது.

உங்களுக்கு நன்றி எழுத வேண்டும் என்று ஹாலிதா சொல்கிறாள். நாலு மரத்தை நான் மறக்க மாட்டேன். ஆகவே அரை நன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். காணி போனாலும் போகட்டும் என்று அண்ணரிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது மட்டும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். இனி அப்படிச் சொல்ல வேண்டாம். உங்கள் காணியைப் போகவிட்டு என் கடையை எடுக்க எனக்கு மனமில்லை.

மச்சானிடம் நேராகவே சொன்னேன், மூன்றாம் வருசம் எனக்கு இருக்கிறது என்று. சிரித்தார். “பூச்சி வந்தால் என்ன செய்வாய்? அரசாங்கத்திட்டைக் கேப்பியோ?” என்றார்.  வவுனியாவில் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற தவராசா என்பவரிடம் மிதித்து அடிக்கிற கால்பம்பு ஒன்றும் நீளக் குழாயும் வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன். மெசின் மாதிரி உச்சிக்குப் போகாது. ஏணி வைத்து ஏறுவேன். தையில் நோன்பு நடந்துகொண்டிருக்கும், நோன்போடுதான் வருவேன். ஹாலிதாவும் வருவாள். மதவாச்சியில் வண்டி மாறிக் கிளிநொச்சியில் இறங்குவோம். பிஞ்சு பிடிக்கும்வரை உங்கள் வீட்டில்தான் நிற்போம். அண்ணர் பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும், தமையன் வீட்டில் சாப்பிடட்டும். நான் மரத்துக்குத்தான் வருகிறேன்.

மார்கழிக் கடைசியில் தளிர் பார்க்கத் தொடங்குங்கள். கொத்து வந்ததும் தினமும் உலுப்பிப் பாருங்கள். பூச்சி கண்ணில் பட்டால் கந்தோருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள்.

ஜொஹறா